நாலு வயசுப் பிள்ளை, நிலக்கடலை முந்திரி அலர்ஜி, ஒரு நாள் தீம் பார்க்: எப்படிச் சமாளிக்கிறது?

செக்காலை
ஏப்ரல் 9, இரவு 9.40

மகளுக்கு நாலு வயசு, 16 கிலோ. நிலக்கடலை, முந்திரி ரெண்டும் அலர்ஜி. ரத்தப் பரிசோதனை, தோல் பரிசோதனை ரெண்டும் எடுத்து உறுதியாயிருச்சு. மே முதல் வாரம் மதுரைப் பக்கம் தீம் பார்க் போறோம். காலையில காரைக்குடியில கிளம்பி, ராத்திரி மதுரையில தங்கல். வேன்ல பதினொரு பேர், அப்பத்தாவும் வர்றாங்க. கவுன்ட்டர்ல "கடலை போடாத அயிட்டம் குடுங்க"ன்னு கேட்டு வாங்கினாப் போதும்ங்கிறாங்க வீட்டுல. எனக்கு மனசு ஒப்பலை. போதுமா?

கோட்டையூர்
ஏப்ரல் 9, இரவு 10.25

போதாது. அந்தக் கேள்வியிலேயே ஓட்டை இருக்கு.

நம்ம பேச்சுல கடலைன்னா எது? கடலைமிட்டாய்ல இருக்கிறது நிலக்கடலை. கடலைப்பருப்பு வேற. கடலைமாவு அந்தப் பருப்போட மாவு. பொட்டுக்கடலை அதே பருப்பை வறுத்து உடைச்சது. கொண்டைக்கடலையும் அந்தப் பக்கத்துச் சொந்தம்தான். ஆனா கடலெண்ணெய்னு சொன்னதும் திரும்ப நிலக்கடலைக்கு வந்துருவோம். கவுன்ட்டர்ல நிக்கிற பையன்கிட்ட "கடலை இருக்கா"ன்னு கேட்டா அவன் கண்ணுக்குத் தெரியறது மேல தூவுற முழுக்கடலை மட்டும்தான். சட்னியில அரைச்சது, சட்டியில காயுற எண்ணெய் இதெல்லாம் அவன் கணக்குலயே வராது. அவன் பொய் சொல்லலை, கேள்விதான் தப்பு.

வாயிலிருந்து வர வேண்டிய சொல் "நிலக்கடலை". மூணு கேள்வியா கேளுங்க. என்ன எண்ணெய்? இந்தச் சட்டியில இன்னைக்கு வேற என்ன பொரிச்சீங்க? சட்னிக்கும் கிரேவிக்கும் என்னென்ன அரைச்சீங்க? கேட்க வேண்டிய ஆள் பில் போடுறவர் இல்லை, அடுப்புக்கிட்ட நிக்கிறவர்.

இன்னொண்ணு. நிலக்கடலை ஆகலைன்னு துவரை, பாசி, உளுந்து எல்லாத்தையும் நிறுத்திடாதீங்க. செடிக் குடும்பம் ஒண்ணுதான், ஆனா நிலக்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்கு மத்த பருப்பு ஒத்துக்கும். இதுவரைக்கும் தின்னுட்டு இருந்ததைத் தொடரலாம். தேங்காயும் அப்படித்தான், இங்கிலீஷ் பேருல 'நட்' இருக்கே தவிர முந்திரி வகையில சேராது. பிஸ்தா மட்டும் கட்டாயம் தவிர்க்கணும். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், ஒண்ணு ஆகலைன்னா மத்ததும் பெரும்பாலும் ஆகாது.

தேவகோட்டை ரஸ்தா
ஏப்ரல் 9, இரவு 10.50

"கடலை போடாத அயிட்டம்"னு கேட்டா கவுன்ட்டர்ப் பையன், "நான் யாருகிட்டயும் கடலை போடுறதில்லை மேடம், டூட்டி டைம்"ங்கப் போறான்.

புதுவயல் பந்தி
ஏப்ரல் 10, காலை 6.15

ரஸ்தா அண்ணே, காலங்காத்தால சிரிக்க வச்சுட்டீங்க. கோட்டையூர் ஆச்சி சொன்னதோட சமையக்கட்டுப் பக்கத்துலேருந்து சிலது.

முந்திரி எங்கே ஒளிஞ்சிருக்கும்னு பாருங்க. நம்ம வீட்டு வெள்ளைக் குருமான்னா தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, கொஞ்சம் முந்திரி, அன்னைக்கே அரைக்கிறது. "முந்திரி வேண்டாம்"னா விட்டுடலாம். ஓட்டல், ஃபுட் கோர்ட் அப்படி இல்லை. வெங்காயம், தக்காளி, முந்திரி வேக வச்சு அரைச்ச விழுது ஒரு பெரிய டப்பாவில காலையிலேயே தயாரா இருக்கும். பன்னீர் பட்டர் மசாலா, காளான், காலிஃபிளவர், சிக்கன் எல்லாத்துக்கும் அதுலேருந்துதான் ஒரு கரண்டி. "முந்திரி இல்லாம பண்ணிக் குடுங்க"ன்னு நீங்க சொன்னா மேல போடுற ரெண்டு வறுத்த முந்திரியைத்தான் நிறுத்துவாங்க. உள்ளே இருக்கிறதை எடுக்க முடியாது. முந்திரி விலை ஏறுற நாள்ல விழுதுல நிலக்கடலையைக் கலக்குற இடமும் உண்டு. உங்க பிள்ளைக்கு ரெண்டுமே ஆகாது, அதனால கிரேவின்னு பேர் வச்ச எதுவும் வேண்டாம்.

பொங்கல், கிச்சடி, கேசரி, பாயசம்: நெய்யில முந்திரியை வறுத்து அந்த நெய்யோடயே கொட்டுவோம். முந்திரியைப் பொறுக்கிப் போட்டாலும் நெய் பூரா பரவியிருக்கும்.

தேங்காய்ச் சட்னி: தேங்காய் விலைக்கு நிலக்கடலை பாதி சேர்த்து அரைக்கிற கடை நிறைய. வெள்ளையா இருக்குன்னு நம்பாதீங்க. தோல் நீக்கி வறுத்த கடலை போட்டாலும் வெள்ளையாத்தான் இருக்கும்.

ஃப்ரைட் ரைஸ்: ஒரு இரும்புச் சட்டி. ஒரு ஆர்டருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு கரண்டித் தண்ணி ஊத்தி, துடைப்பத்தால ரெண்டு சுத்து, அவ்வளவுதான் கழுவல். கரண்டி அதே கரண்டி.

கோட்டையூர்
ஏப்ரல் 10, காலை 8.05

எண்ணெய்க் கணக்கு. செக்குல ஆட்டின கடலெண்ணெய்ல நிலக்கடலைப் புரதம் தங்கியிருக்கும். அலர்ஜியைக் கிளப்புறது அந்தப் புரதம்தான். நம்ம பக்கம் செக்கு எண்ணெய்ன்னா பெருமை, இந்தப் பிள்ளைக்கு அது விஷம். நல்லா சுத்திகரிச்ச ரீஃபைண்டு கடலெண்ணெய்ல புரதம் அநேகமா இருக்காது, அதனால ரீஃபைண்டுன்னா பயப்பட வேண்டாம்.

புதுவயல் பந்தி
ஏப்ரல் 10, காலை 8.40

ஆச்சி, டின்னைத் திறக்கிறப்போ நீங்க சொல்றது சரி. சட்டியில ஊத்தி ரெண்டு மணி நேரம் ஆனதுக்கப்புறம் சரியில்லை. காலையில தட்டை, மதியம் மசாலாக் கடலை, சாயங்காலம் பிரெஞ்ச் ஃப்ரைஸ், எல்லாம் ஒரே எண்ணெய். தட்டையில ஒட்டின கடலைத் துணுக்கு அடியில கருகிக் கிடக்கும். சூரியகாந்தி எண்ணெய்யா இருந்தாலும் கதை இதுதான்.

கோட்டையூர்
ஏப்ரல் 10, காலை 9.10

ஒத்துக்கிறேன். மேலே எழுதினதைத் திருத்திப் படிங்க: ரீஃபைண்டுங்கிறது எண்ணெய்க்கு மட்டும் உறுதி, சட்டிக்கு இல்லை. எண்ணெய்ல பொரிச்ச எதையும் பார்க்குல வாங்க வேண்டாம், உருளைக்கிழங்கா இருந்தாலும். சூட்டுல புரதம் செத்துரும்னு சொல்றவங்களையும் நம்ப வேண்டாம். நிலக்கடலையை வறுத்தா அலர்ஜி குறையாது.

செக்காலை
ஏப்ரல் 10, இரவு 9.15

அப்போ சாப்பாடு கொண்டுதான் போகணும். ஆனா கேட்டுல பையைத் திறந்து பார்த்து எடுத்து வச்சுக்கிறாங்களாமே?

கோட்டையூர்
ஏப்ரல் 11, காலை 7.30

வெளிச்சாப்பாடு கூடாதுன்னு போர்டு வச்ச இடத்துலயும் கைக்குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவுக்குப் பெரும்பாலும் வழி விடுவாங்க. கேட்டுல நின்னு வாதாடினா விட மாட்டாங்க. பத்து நாள் முன்னாடியே பார்க்குக்கு மெயில் போடுங்க: பிள்ளை வயசு, என்ன அலர்ஜி, எந்தத் தேதி, என்ன கொண்டு வர்றீங்க (ஒரு ஆளுக்கான சாப்பாடு, மருந்துப் பெட்டி). டாக்டர் சீட்டை இணைங்க. வர்ற பதிலைப் பேப்பர்ல எடுத்துக்கிட்டுப் போங்க. செக்யூரிட்டிக்கு போன் திரையைக் காட்டினா ஒரு பார்வை பார்ப்பார், பேப்பரைக் காட்டினா உள்ளே போய்க் கேட்டுட்டு வருவார். பதினொரு பேருக்கும் புளியோதரை கட்டிக்கிட்டுப் போய் மருத்துவக் காரணம்னு சொன்னா காரியம் கெடும். பிள்ளைக்கு மட்டும்.

அதே மெயில்ல இன்னும் மூணு கேளுங்க. முதலுதவி அறை எங்கே? அங்கே அட்ரினலின் (கடுமையான அலர்ஜிக்குப் போடுற ஊசி மருந்து) இருக்கா, போடத் தெரிஞ்ச நர்ஸ் எந்நேரமும் இருப்பாங்களா? ஆம்புலன்ஸ் எந்தக் கேட் வழியா வரும்? மூணாவதுக்குப் பதில் தெரியாதுன்னா உங்களுக்கு நிறைய நிமிஷம் நஷ்டம்.

சாப்பாடு. மே மாச வெயில், மதியம் ஒரு மணி வரைக்கும் கெடாம இருக்கணும்.

இட்லி சரியான துணை. ஆற வச்சுக் கட்டணும், சூட்டோட மூடினா வேர்த்து நூல் விடும். பொடியை நல்லெண்ணெய்ல குழைச்சுத் தடவுங்க, சட்னி வேண்டாம், தேங்காய் பத்து மணிக்கே புளிச்சுரும். பொடி வீட்டுல இடிச்சதா இருக்கணும். கடைப் பொடியில நிலக்கடலை சேர்க்கிறது உண்டு.

எலுமிச்சை சாதம், புளியோதரை ரெண்டும் தாங்கும். தாளிப்புல கை தன்னால கடலை டப்பாவுக்குப் போகும், அதான் அபாயம். கடலைப்பருப்பும் உளுந்தும் போதும். எல்லாருக்கும் ஒரே அண்டாவுல கிளறி, பிள்ளைக்குக் கடலையைப் பொறுக்கிக் குடுக்கிற வேலை வேண்டாம். முதல்ல அவளோடதைக் கிளறி எடுத்துக் கட்டி மூடி வச்சுட்டு மத்தவங்களோடது.

கொறிக்க தேங்குழல், சீப்புச்சீடை. வீட்டுல, புது எண்ணெய்ல. காரைக்குடிக் கடைப் பலகாரம் எவ்வளவு பேர் போனதா இருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு இல்லை. தேங்குழலும் தட்டையும் ஒரே வாணலி.

இப்போ யாரும் யோசிக்காத இடம்: மாவு மில். உங்க அரிசிக்கு முன்னாடி யாரோ சத்துமாவு அரைச்சிருப்பாங்க. அதுல நிலக்கடலை, முந்திரி, பாதாம் எல்லாம் இருக்கும். கல்லுலயும் வாய்ப்பெட்டியிலயும் தங்கினது உங்க மாவுல கலந்து வரும். முதல்ல ஒரு கிலோ அரிசியைத் தனியா அரைச்சு அந்த மாவை ஒதுக்கிட்டு அப்புறம் நம்மளோடதைப் போடலாம்னு சொல்வாங்க. அதை நான் முழுசா நம்ப மாட்டேன், அபாயம் குறையும், போகாது. சின்ன அளவுதானே, ஊற வச்சு நிழல்ல உலர்த்தி மிக்சியில அரைச்சுச் சலிச்சுக்குங்க.

தேவகோட்டை ரஸ்தா
ஏப்ரல் 11, மாலை 5.20

கூட்டத்துல எவனாவது பக்கத்துல நின்னு வறுத்த கடலை தின்னா அந்த வாசனையே ஆகாதுன்னு ஒரு வாட்ஸாப் சுத்துதே?

கோட்டையூர்
ஏப்ரல் 11, இரவு 8.50

வாசனை வேற, புரதம் வேற. நிலக்கடலை வாசனை மூக்குல ஏறினதால மட்டும் பெரிய ரியாக்‌ஷன் வர்றது ரொம்ப அரிது. மீன், இறால் அலர்ஜின்னா கதை வேற. அதை வேக வைக்கிற ஆவி பட்டே சில பிள்ளைகளுக்கு இழுப்பு வரும்.

தோல்ல பட்டா பெரும்பாலும் பட்ட இடத்துல தடிப்போட நிக்கும். நாலு வயசுக்கு ஆபத்து கையிலேருந்து வாய்க்குப் போறது. ராட்டினக் கம்பி, ரயில் வண்டிச் சீட்டு, ஃபுட் கோர்ட் மேசை எல்லாத்துலயும் முந்தின பிள்ளை தின்ன சாக்லேட், கடலைமிட்டாய்ப் பிசுக்கு இருக்கும். கைல சானிடைசர் தேச்சா கிருமி சாகும், நிலக்கடலைப் புரதம் அப்படியே இருக்கும், இடம் மாறும் அவ்வளவுதான். சோப்பு போட்டுத் தண்ணியில கழுவணும், இல்லேன்னா ஈரத்துணித் தாள் கொண்டு துடைக்கணும். மேசையைத் துடைக்க ரெண்டு தாள், கைக்கு ரெண்டு, நாள் முழுக்க எண்பது தாள் பாக்கெட் ஒண்ணு சரியா இருக்கும். மேசையில சாப்பாட்டை நேரா வைக்காம வாழையிலையோ துண்டோ விரிச்சுக்குங்க.

ஐஸ்கிரீம் பத்திக் கேட்கலை, கேட்பீங்க. ஸ்கூப் கரண்டி எல்லா டப்பாவுக்கும் ஒண்ணு, முக்கி வைக்கிற தண்ணியும் ஒண்ணு. பிஸ்தாவுல போன கரண்டி வெண்ணிலாவுக்கு வரும். பட்டர்ஸ்காட்ச்னா பாலும் சர்க்கரையும்னு நினைப்போம், அந்தக் கறுக்மொறுக் துணுக்கு பெரும்பாலும் முந்திரி. கட்டாயம் வேணும்னா கம்பெனி சீல் வச்ச கப், பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு. பஞ்சுமிட்டாய் வெறும் சர்க்கரையும் சாயமும், ஆனா அதைச் சுத்திக் குடுக்கிற கை அதுக்கு முன்னால என்ன பண்ணுச்சுன்னு பாருங்க.

புதுவயல் பந்தி
ஏப்ரல் 11, இரவு 9.30

ஜூஸ் கடை மிக்சியும் சேர்த்துக்குங்க ஆச்சி. பாதாம் ஷேக் அடிச்ச ஜார்லதான் மாம்பழம் அடிப்பாங்க. நடுவுல ஒரு தண்ணி.

கோட்டையூர்
ஏப்ரல் 13, காலை 10.00

மருந்துக்கு வர்றேன். இதுதான் நீளம், பொறுத்துப் படிங்க.

என்ன பார்த்தா மருந்து? உடம்புல தடிப்பு, உதடு வீக்கம் மட்டும்னா டாக்டர் சொன்ன அலர்ஜி சிரப்பைக் குடுத்துட்டுக் கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டு இருங்க. தடிப்போட வாந்தி, இருமல், குரல் கம்முறது, இழுப்பு, முகம் வெளுத்துத் துவள்றது, இதுல ஏதாவது சேர்ந்தா அட்ரினலின், உடனே. தெரிஞ்சு கடலை உள்ளே போயிருக்கு, தடிப்பே இல்லாம மூச்சு முட்டுதுன்னாலும் அட்ரினலின்தான். நிறைய பேர் தடிப்புக்காகக் காத்திருந்து நேரத்தை விடுறாங்க. செட்ரிசின் மாதிரி அலர்ஜி சிரப் வேலை செய்ய அரை மணி, ஒரு மணி ஆகும், தொண்டை வீக்கத்தையும் இறங்குற ரத்த அழுத்தத்தையும் அது தொடாது. "சிரப் குடுத்தாச்சு, பார்ப்போம்"ங்கிறதுதான் பெரிய தப்பு.

அளவு: கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அட்ரினலின் 1 மில்லியில 1 மில்லிகிராம் இருக்கும். 16 கிலோவுக்குக் கணக்கு 0.16 மில்லி. உங்க டாக்டர் எழுதிக் குடுக்கிறதுதான் இறுதி. தொடையோட வெளிப்பக்கம், நடுவுல, சதைக்குள்ள. கை, பிட்டம் வேண்டாம்.

பேனா மாதிரி வர்ற ஆட்டோ இன்ஜெக்டர் நம்ம மருந்துக்கடைகள்ல சாதாரணமா கிடைக்காது, வெளிநாட்டுலேருந்து வந்தா உண்டு. இந்த எடைக்கு 0.15 மில்லிகிராம் அளவு. கிடைச்சா ரெண்டு வச்சுக்குங்க. உடுப்புக்கு மேலயே அழுத்தலாம், பையில காசு, சாவி இல்லாம பார்த்துக்குங்க. அழுத்திப் பிடிக்கிற நேரம் பேனாவுக்குப் பேனா மாறும், உங்க பேனாவுல எழுதியிருக்கிறதைப் பாருங்க.

கிடைக்கலைன்னா ஆம்பியூலும் (மருந்து அடைச்ச சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும். இது கையில பழகாதவங்களுக்கு பதற்றத்துல கண்ணாடி உடைக்கவே வராது. டாக்டர்கிட்ட உட்கார்ந்து, வெறும் தண்ணியை இழுத்து அஞ்சாறு தடவை பழகுங்க, அம்மா அப்பா ரெண்டு பேரும். சிரிஞ்ச் 1 மில்லி, 0.01 கோடு போட்டது. வீட்டுல ஐயாவுக்குச் சர்க்கரை இருந்தா இன்சுலின் சிரிஞ்ச் கிடக்கும், அதை இந்தப் பெட்டியில வைக்கவே கூடாது. அதுல கோடு யூனிட் கணக்கு, நம்ம பக்கம் பெரும்பாலும் 40 யூனிட் ஒரு மில்லி. 15-ன்னு இழுத்தா 0.15 இல்லை, அதைவிட ரெண்டரை மடங்கு போயிரும். ஊசியும் குட்டை, சதை வரைக்கும் எட்டாம போகலாம். ஆம்பியூல், சிரிஞ்ச், ஊசி, டாக்டர் எழுதின அளவு எல்லாம் ஒரே டப்பாவுல, டப்பா மூடியில அளவைப் பெரிசா எழுதி ஒட்டுங்க.

போட்டதும் 108. பிள்ளையைப் படுக்க வச்சு காலைத் தூக்கி வைங்க. மூச்சு வாங்கினா சாய்ஞ்சு உட்காரட்டும். வாந்தின்னா ஒருக்களிச்சு. நிக்க வைக்காதீங்க, முதலுதவி அறைக்கு நடக்க வைக்காதீங்க, அறை அவகிட்ட வரட்டும். அஞ்சு நிமிஷத்துல தேறலைன்னா ரெண்டாவது. தேறிட்டாலும் ஆஸ்பத்திரி உண்டு. சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம், அதனால குறைஞ்சது நாலு மணி நேரம் பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்க. காரைக்குடிக்குத் திரும்பிடலாம்னு வண்டியை எடுக்காதீங்க, மேலூர் தாண்டி நடு ரோட்டுல எதுவும் செய்ய முடியாது.

வெயில்ல மருந்து கெடும். ஐஸ் பெட்டியில போட்டுக்குங்க.

செக்காலை
ஏப்ரல் 13, பகல் 12.10

இன்சுலின் சிரிஞ்ச் விஷயம் படிச்சதும் வயித்தைக் கலக்குது. டாக்டர் ஆம்பியூல்தான் எழுதியிருக்காங்க, மறுபடி போய்ப் பழகுறோம்.

கோட்டையூர்
ஏப்ரல் 13, இரவு 7.45

கடைசி வரியை அடிச்சுடுங்க, அவசரத்துல எழுதினது. ஐஸ்ல போடக் கூடாது. அட்ரினலின் அறை வெப்பத்துல, 25 டிகிரிக்கு உள்ள இருக்கணும். கொஞ்ச நேரம் 30 வரைக்கும் தாங்கும். ஃப்ரிட்ஜ், ஐஸ், பூட்டின வேனோட டேஷ்போர்டு மூணும் ஆகாது. வாய் அகன்ற எவர்சில்வர் ஃபிளாஸ்க்கை எடுத்து, முந்தின ராத்திரி குளிர்ந்த தண்ணி ஊத்தி வச்சு, காலையில கொட்டிட்டு நல்லாத் துடைச்சு, மருந்தைச் சின்னத் துண்டுல சுத்தி உள்ளே வைங்க. ஆம்பியூல் வெளிச்சம் படாம இருக்கவும் அதுவே போதும். மருந்து தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும், பழுப்பு, இளஞ்சிவப்பு தட்டினா தூக்கிப் போட்டுருங்க.

தேவகோட்டை ரஸ்தா
ஏப்ரல் 14, காலை 9.30

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். பாயசத்துல முந்திரி மிதந்தா இந்த இழைதான் ஞாபகம் வருது.

ஒரு சந்தேகம். அலைக்குளத்துல எல்லாரும் இறங்கினா ஃபிளாஸ்க் யாருகிட்ட? லாக்கர்ல வச்சா?

கோட்டையூர்
ஏப்ரல் 14, மாலை 4.00

லாக்கர்ல வச்சது இல்லாதது மாதிரி. சாவி யார் கையில, லாக்கர் எத்தனை நிமிஷ நடை? ஈரக்கைல பூட்டைத் திறக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.

ஒரு பெரியவர் எப்பவும் கரையில, உலர்ந்த உடுப்புல, பையோட. முறை வச்சு மாத்திக்குங்க, மாத்தும்போது வாயால சொல்லுங்க: "பை இப்போ உன்கிட்ட." பதினொரு பேர் இருக்கிற குழுவுல எல்லாரும் இன்னொருத்தர்கிட்ட இருக்குன்னு நினைச்சுக்குவாங்க. அவர் ஊசி போடத் தெரிஞ்சவரா இருக்கணும், அப்போ அம்மா, அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் கரையில இருப்பார், அதான் கணக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ராட்சஸ ராட்டினம் ஏறுறது இந்த வருஷம் இல்லை.

சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல இடைவெளி வைங்க. தின்ன கையோட ஓடுறது, வெயில், காய்ச்சல் இதெல்லாம் சேர்ந்தா வழக்கமா தாங்குற துளிகூட அன்னைக்குத் தாங்காம போகலாம். முந்தின நாள் காய்ச்சல், இழுப்பு இருந்தா டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க.

செக்காலை
ஏப்ரல் 16, இரவு 10.30

பார்க்குலேருந்து பதில் வந்துருச்சு. பிள்ளை சாப்பாட்டுக்கு அனுமதி, டாக்டர் சீட்டு ஒரிஜினல் கேட்டிருக்காங்க. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு மட்டும் "வந்து கேட்டுக்கவும்"னு பதில்.

இப்போ சிக்கல் பார்க் இல்லை, வேன். அப்பத்தா கடலைமிட்டாயும் மிக்சரும் கட்டுறாங்க. "ஒரு வாய்க்கு என்ன ஆகிடும், நம்ம காலத்துல யாருக்கு இந்த நோய்"ங்கிறாங்க. அயித்தை பிள்ளைகள் ரெண்டும் எப்பவும் கையில பிஸ்கட்டோட.

கோட்டையூர்
ஏப்ரல் 17, காலை 6.50

வேன்தான் கஷ்டம், பார்க் இல்லை. பார்க்குல பிள்ளை உங்க கண்ணுக்கு எதிரே. வேன்ல தூங்குவீங்க, பின் சீட்டுல பாசத்தோட ஒரு கை நீளும்.

அப்பத்தாகிட்ட அலர்ஜின்னு விளக்கம் சொன்னா எடுபடாது. வேலையைக் குடுங்க. "பிள்ளைக்கு யார் என்ன குடுத்தாலும் உங்களைக் கேட்டுத்தான், உங்க உத்தரவு இல்லாம ஒரு வாய் போகக் கூடாது"ன்னு பொறுப்பை ஒப்படைச்சுருங்க. காவல் இருக்கிறவங்களே மிக்சர் பிரிக்க மாட்டாங்க. மருந்துப் பெட்டியையும் ஒரு தரம் திறந்து ஊசியைக் காட்டுங்க. நூறு வார்த்தை சொல்றதை அந்த ஊசி சொல்லிடும்.

வேனுக்கு ஒரே சட்டம்: பதினொரு பேருக்கும் நிலக்கடலை, முந்திரி இல்லாத கொறிப்பு. பிள்ளைக்கு மட்டும் தனின்னா அவளுக்கும் ஏக்கம், சீட்டுல துணுக்கும் விழும். கடலைமிட்டாய் வீட்டுலயே இருக்கட்டும், திரும்பி வந்து தின்னுக்கலாம். அயித்தை பிள்ளைகளுக்குச் சின்ன வேலை: அவ கையைத் தொடுறதுக்கு முன்னால துடைக்கணும்.

பிஸ்கட் பாக்கெட்ல என்ன பார்க்கணும்னா, நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 லேபிள் விதிப்படி நிலக்கடலை, மரக்கொட்டை (முந்திரி, பாதாம், பிஸ்தா மாதிரி), பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சோயா, குளூட்டன் உள்ள தானியம், குறிப்பிட்ட அளவுக்கு மேல சல்ஃபைட் இருந்தா தனியா எழுதணும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியல்ல இல்லை, எள் ஆகாத பிள்ளை வச்சிருக்கிறவங்க முழு உட்பொருள் வரியையும் படிக்கணும். முட்டை ஆகாதவங்களுக்கு ஒரு வசதி, முட்டை இருந்தா பச்சைப் புள்ளி வராது. பால் ஆகாதவங்களுக்கு அந்தப் புள்ளி உதவாது. பத்து அல்லது அதுக்கு மேல கிளை உள்ள உணவகங்களும் அலர்ஜி விவரம் தரணும்னு விதி இருக்கு. அதனால சங்கிலிக் கடையில "அலர்ஜி சார்ட் காட்டுங்க"ன்னு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

புதுவயல் பந்தி
ஏப்ரல் 17, காலை 7.20

மறுநாள் ஓட்டல் காலை டிபன்: இட்லியை நேரா இட்லிப்பானையிலேருந்து எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, பஃபே தட்டுலேருந்து வேண்டாம். பொங்கல் கரண்டி இட்லிக்கும் வரும், சாம்பாருக்கும் வரும். சர்க்கரை, பால், வாழைப்பழம் போதும் ஒரு வேளைக்கு. ஜிகர்தண்டா கேட்டு அழுதா பாதாம் பிசின்ங்கிற பேரைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது மரத்துப் பிசின், பருப்பு இல்லை. பயம் ஐஸ்கிரீமும் கரண்டியும்தான், அதனால அதுவும் வேண்டாம். நன்னாரி சர்பத் குடுங்க.

தேவகோட்டை ரஸ்தா
ஏப்ரல் 17, இரவு 9.00

சிங்கப்பூர்லேருந்து தங்கச்சி சொல்லுது, அமெரிக்காவுல டிஸ்னி பார்க்குல அலர்ஜிக்காரங்களுக்குன்னே தனி மெனு குடுப்பாங்களாம், சாப்பாடும் கொண்டு போகலாமாம்.

கோட்டையூர்
ஏப்ரல் 17, இரவு 9.25

உண்மைதான், ஃபுளோரிடாவுல இருக்கிறதுல அப்படி உண்டு. அங்கேயும் ஆர்டர் எடுக்கிறவர்கிட்ட அலர்ஜியை வாயால சொல்லணும். சிங்கப்பூர் போனா சாத்தே சாஸ் முழுக்க நிலக்கடலை, அதைத் தனி இழையில பேசலாம்.

செக்காலை
ஏப்ரல் 20, மாலை 6.40

வேன் சட்டம் அப்பத்தா வாயாலயே அறிவிச்சாச்சு. அவங்களே மாவுருண்டை பிடிக்கிறாங்களாம், பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய் மட்டும், மில்லுக்கு அனுப்பாம மிக்சியில. அந்த ஜார்லதான் போன வாரம் முந்திரி அரைச்சாங்க. கழுவினாப் போதுமா?

கோட்டையூர்
ஏப்ரல் 20, இரவு 7.05

மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழட்டுங்க, அதுக்குள்ளதான் விழுது காஞ்சு இருக்கும். பிளேடை மறை கழட்டித் தனியா எடுங்க, அடியில இருக்கிற வாஷரையும். வெந்நீர், சோப்பு, பழைய டூத்பிரஷ். வளையத்துல விரிசல் இருந்தா தேய்ச்சாலும் போகாது, புதுசு போடுங்க. பிளேடு கழட்ட வராத ஜார்னா அதை விட்டுட்டு வேற ஜார்.

புதுவயல் பந்தி
ஏப்ரல் 20, இரவு 7.30

பருப்பு வறுக்கிற சட்டியையும் கேளுங்க. முந்திரி வறுத்த இரும்புச்சட்டின்னா அப்பத்தா சோப்பு போட விட மாட்டாங்க, பதம் போயிரும்பாங்க. எவர்சில்வர் சட்டியில வறுக்கச் சொல்லுங்க, அடுப்பைக் குறைச்சு.

செக்காலை
ஏப்ரல் 20, இரவு 7.50

இரும்புச்சட்டிதான் எடுத்து வச்சிருக்காங்க. இதோ போய்ச் சொல்றேன்.